கணக்கு எங்கே இடிக்கிறது? வாக்குச்சாவடியில் பிழை நீக்கும் வழிமுறை

தேர்தல் நாளில் பல வாக்குச்சாவடிகளை மேற்பார்க்கும் மண்டல அலுவலரின் போனுக்கு வரும் அழைப்புகள் எல்லாத் தேர்தலிலும் ஏறக்குறைய ஒன்றேதான். "சார், லிங்க் எரர்னு வருது." "மேடம், டோட்டல்ல ஒண்ணு இடிக்குது." "சார், க்ளோஸ் பட்டன் வேலை செய்யல." ஜீப்பில் போய்ப் பார்த்தால் மெஷின் உண்மையிலேயே பழுதாகியிருப்பது குறைவு. காலை 5:30க்கும் 7 மணிக்கும் நடுவே அவசரத்தில் நடந்த கைத்தவறோ, மாலை 6 மணிக்கு மேல் களைப்பில் நடந்த கைத்தவறோதான் அதிகம்.

அதனால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்களுக்கான இதை மெஷினின் பாகம் பாகமாக இல்லாமல் அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியைத் தேடி நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், மறுவாக்குப்பதிவு வரை இழுக்கக்கூடியது கடைசியில். இது சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் வரும் எம்3 வகை மின்னணு வாக்குப்பதிவு மெஷினுக்கும், போட்ட வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட்டுக்கும் மட்டும். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதன் படிவங்களும் நடைமுறையும் வேறு.

எந்தத் தலைப்புக்குப் போனாலும் மூன்று காரியங்களை மட்டும் மண்டல அலுவலரிடம் பேசாமல் செய்யாதீர்கள்: ஒட்டிய சீலைப் பிரிப்பது, நேரம் முடியுமுன் க்ளோஸை (வாக்குப்பதிவை முடிக்கும் பட்டன்) அழுத்துவது, உண்மையான வாக்குப்பதிவு தொடங்கிய பிறகு கிளியரை (பதிவானதை அழிக்கும் பட்டன்) தொடுவது. முதலாவதற்குப் பெரும்பாலும் ஒரு வழி இருக்கும். மற்ற இரண்டையும் செய்துவிட்டால் திரும்பி வர முடியாது.

அறிகுறி: மெஷின் ஆன் ஆகவில்லை, அல்லது "லிங்க் எரர்"

முதலில், அலுவலர் மேசையில் இருந்து வாக்குகளைப் பதிந்துவைக்கும் கண்ட்ரோல் யூனிட்டின் பின்பக்க சுவிட்சைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். விடியற்காலை இருட்டில் இது நிறையப் பேருக்கு நடக்கிறது.

அடுத்து கேபிள். வாக்காளர் பட்டனை அழுத்தும் பேலட் யூனிட்டின் கேபிள் விவிபேட்டுக்குள் போக வேண்டும், விவிபேட்டின் கேபிள் கண்ட்ரோல் யூனிட்டுக்குள் போக வேண்டும். வேட்பாளர்களும் நோட்டாவும் சேர்ந்து 16ஐத் தாண்டினால் இரண்டாவது பேலட் யூனிட் வரும். அதன் கேபிள் முதல் பேலட் யூனிட்டோடு சேர வேண்டும். கேபிளைப் பிடுங்குவதற்கும் சொருகுவதற்கும் முன்னால் கண்ட்ரோல் யூனிட்டை ஆஃப் செய்துவிடுங்கள். ஆன் நிலையில் கழற்றி மாட்டி, சின்னத் தொல்லையைப் பெரிய தொல்லையாக்குபவர்கள் அதிகம். பிளக் ஒரு பக்கமாக மட்டுமே பொருந்தும். நுழைய மறுத்தால் திருப்பிப் பாருங்கள், அழுத்தித் திணித்தால் உள்ளே இருக்கும் ஊசி (பின்) வளைந்துவிடும்.

மூன்றாவது, விவிபேட்டின் பின்புறமுள்ள பேப்பர் ரோல் பூட்டு. அது படுக்கையாக இருந்தால் பயண நிலை, செங்குத்தாக இருந்தால் வேலை நிலை. ஆன் செய்யும் முன்பே செங்குத்தாகத் திருப்பியிருக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்து, ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தும் அதே செய்தி வந்தால் பேட்டரியாக இருக்கலாம், யூனிட்டே கெட்டிருக்கலாம். அதற்கு மேல் நீங்கள் தோண்ட வேண்டாம். மண்டல அலுவலரிடம் ரிசர்வ் மெஷின் இருக்கிறது. மாதிரி வாக்குப்பதிவின்போது (வாக்குப்பதிவுக்கு முன் ஏஜென்ட்கள் முன்னிலையில் 50 ஓட்டுப் போட்டுப் பார்க்கும் சோதனை) பழுதானால் பழுதான யூனிட்டை மட்டும் மாற்றினால் போதும். ஏழு மணிக்கு மேல் அதே பழுது வந்தால் வேலை பல மடங்கு. அதனால்தான் 5:30 மணிக்கே கூப்பிடச் சொல்கிறோம். "கொஞ்ச நேரம் பார்க்கலாம்" என்று 6:40 வரை காத்திருக்காதீர்கள்.

அறிகுறி: "இன்வாலிட்" என்று காட்டுகிறது

பழுதில்லை. பட்டன்களின் வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான். க்ளோஸ் அழுத்தாமல் ரிசல்ட் அழுத்தினால் இது வரும். ரிசல்ட் பார்க்காமல் கிளியர் அழுத்தினாலும் வரும். க்ளோஸ், ரிசல்ட், கிளியர் என்ற சி.ஆர்.சி. வரிசைக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: 50 ஓட்டு போட்டோம், விவிபேட் பெட்டியில் 57 சீட்டு இருக்கிறது

விவிபேட்டை ஆன் செய்ததும் அது தன்னைத்தானே சோதித்து 7 சீட்டுகளை அச்சிட்டுப் பெட்டிக்குள் தள்ளும். அவற்றில் வேட்பாளர் பெயர் இருக்காது. தனியே பிரித்து வைத்துவிட்டு மீதியை எண்ணுங்கள். இரண்டு முறை ஆன் செய்திருந்தால் அந்தச் சீட்டுகளும் கூடியிருக்கும்.

அதன் பிறகும் வேட்பாளர்வாரி எண்ணிக்கை ரிசல்ட்டோடு பொருந்தவில்லையா? மெஷினைச் சந்தேகிக்கும் முன் யார் எந்தப் பட்டனை எத்தனை முறை அழுத்தினார்கள் என்று எழுதிய தாளைப் பாருங்கள். பல பூத்துகளில் அந்தத் தாளே இருப்பதில்லை, ஏஜென்ட்கள் விருப்பப்படி அழுத்திவிட்டுப் போகிறார்கள். ஓர் அலுவலர் ஒவ்வோர் ஓட்டையும் கோடு போட்டுக் குறித்தால் இந்தச் சண்டையே வராது. சீட்டுக்கும் ரிசல்ட்டுக்கும் அப்புறமும் வித்தியாசம் இருந்தால் அந்தச் செட்டில் வாக்குப்பதிவைத் தொடங்காதீர்கள். கூப்பிடுங்கள்.

ஏஜென்ட் யாரும் வரவில்லை என்பதும் காலையில் வரும் அழைப்புதான். குறைந்தது இரண்டு வேட்பாளர்களின் ஏஜென்ட்கள் வரும்வரை 15 நிமிடம் காத்திருங்கள். அப்புறம் இருப்பவர்களை வைத்து நடத்தி, யார் யார் இருந்தார்கள் என்பதை மாதிரி வாக்குப்பதிவுச் சான்றிதழில் எழுதுங்கள்.

அறிகுறி: மாதிரி ஓட்டை அழித்தோமா என்று சந்தேகம்

இந்த வழிமுறையில் மிக விலையுயர்ந்த தவறு இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

*முதல் வாக்காளர் இன்னும் உள்ளே வரவில்லை என்றால்:* டோட்டல் பட்டனை அழுத்துங்கள். பூஜ்யம் என்றால் பிரச்சினை இல்லை. எண் வந்தால் சி.ஆர்.சி.யை முடித்து, மறுபடி டோட்டல் பூஜ்யம் என்பதை எல்லா ஏஜென்ட்களுக்கும் காட்டுங்கள். விவிபேட் பெட்டியைத் திறந்து சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்தாயிற்றா என்றும் பாருங்கள். ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் மாதிரி வாக்குப்பதிவு முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு சீல் வைத்து, அந்த உறையைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து இளஞ்சிவப்புத் தாள் சீல் ஒட்ட வேண்டும். மெஷினை கிளியர் செய்துவிட்டுச் சீட்டை மறப்பவர்கள் உண்டு, சீட்டை எடுத்துவிட்டு கிளியரை மறப்பவர்களும் உண்டு. இரண்டும் தனித்தனித் தவறு, இரண்டுமே பின்னால் கடிக்கும். எண்ணும் நாளில் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் 5 பூத்துகளின் விவிபேட் சீட்டுகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து எண்ணுகிறார்கள். அதில் உங்கள் பூத் வந்து, பெட்டிக்குள் மாதிரிச் சீட்டும் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

*சிலர் ஓட்டுப் போட்ட பிறகு தெரிந்தால்:* வாக்காளர்கள் கையெழுத்திடும் 17-ஏ பதிவேட்டில் 12 பேர், டோட்டலில் 62 என்று வருவதுதான் இதன் அடையாளம். கையை மெஷினிலிருந்து எடுத்துவிடுங்கள். "சட்டென்று க்ளோஸ் அடித்து கிளியர் செய்துவிடலாம், 12 பேரைத் திரும்பக் கூப்பிடலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்த 12 பேரின் வாக்கை அழிக்கும் அதிகாரம் உங்களுக்குக் கிடையாது. மண்டல அலுவலர் வழியாகத் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு உடனே தெரிவியுங்கள். நேரத்தையும், டோட்டல் எண்ணையும், பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணையும், இருந்த ஏஜென்ட்களையும் டைரியில் எழுதுங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அவர்கள் சொல்வார்கள்.

*வாக்குப்பதிவு முடிந்த பிறகு தெரிந்தால்:* மறைக்கவே மறைக்காதீர்கள். மாதிரி வாக்குப்பதிவின் முடிவு உங்கள் சான்றிதழில் வேட்பாளர்வாரியாக எழுதப்பட்டிருக்கிறது. விவிபேட் சீட்டுகளும் இருக்கின்றன. எண்ணும் இடத்தில் அந்த மெஷினை ஒதுக்கி வைத்துவிட்டு, தொகுதியின் வெற்றி வித்தியாசத்தைப் பார்த்து முடிவெடுக்க நடைமுறை உண்டு. பதிவான வாக்குகளின் கணக்கு எழுதும் 17-சி படிவத்தில் அந்த 50ஐ எப்படியாவது கரைக்கப் பார்த்தால் அந்த வழியும் அடைபடும்.

தடுப்பதற்கு ஒரே ஒரு பழக்கம் போதும். மாதிரி வாக்குப்பதிவுச் சான்றிதழில் கையெழுத்து வாங்குவதை, டோட்டலில் பூஜ்யம் காட்டிய பிறகு மட்டும் செய்யுங்கள். நேரம் மிச்சப்படுத்துவதற்காக முன்கூட்டியே எல்லாத் தாளிலும் கையெழுத்து வாங்கி வைக்கும் பூத்தில்தான் இந்தத் தவறு நடக்கிறது.

அறிகுறி: விவிபேட் அடிக்கடி பிழை காட்டுகிறது, சீட்டு தெரியவில்லை

மெஷினுக்கு நேர் மேலே விளக்கு எரிகிறதா, பக்கத்து ஜன்னலிலிருந்து வெயில் விழுகிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் சென்சாருக்குக் கடும் வெளிச்சம் ஆகாது. 2018இல் கைரானா, பண்டாரா-கோண்டியா இடைத்தேர்தல்களில் விவிபேட்கள் வரிசையாகக் கோளாறு செய்தபோது தேர்தல் ஆணையம் சொன்ன காரணங்களில் ஒன்று இந்த அதிக வெளிச்சம். வகுப்பறையில் மேசையைச் சற்று நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். நகர்த்தும்போது, வாக்களிக்கும் இடத்தைச் சுற்றி வைக்கும் மறைப்பு அட்டையின் இரகசியம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் காரணமில்லை என்றால் விவிபேட்டை மட்டும் மாற்ற வேண்டும். அதற்கு மறுபடி மாதிரி வாக்குப்பதிவு தேவையில்லை. சீட்டு அச்சாகி, வெட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தால் அதைத் தட்டிப் பெட்டிக்குள் விழவைக்காதீர்கள். அந்த வாக்கு கண்ட்ரோல் யூனிட்டில் பதிவாகியிருக்காது. டோட்டலைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, புதிய விவிபேட் வந்ததும் அதே வாக்காளரை மறுபடி வாக்களிக்க விடுங்கள். பதிவேட்டில் அவருக்குப் புதிய வரிசை எண் போடக் கூடாது.

அறிகுறி: வாக்குப்பதிவின் நடுவில் கண்ட்ரோல் யூனிட்டோ பேலட் யூனிட்டோ நின்றுவிட்டது

லிங்க் எரருக்குச் சொன்ன கேபிள் சோதனைகளைச் செய்யுங்கள். "பிரஸ்டு எரர்" என்று வந்தால் பேலட் யூனிட்டில் ஏதோ ஒரு பட்டன் அழுந்தியபடி சிக்கியிருக்கிறது. ஏஜென்ட்களையும் உடன் அழைத்துக்கொண்டு மறைப்புக்குள் போய்ப் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள்.

சரியாகவில்லை என்றால் இங்கே ஒரு யூனிட்டை மட்டும் மாற்ற முடியாது. கண்ட்ரோல் யூனிட், பேலட் யூனிட், விவிபேட் மூன்றும் சேர்ந்த முழு செட்டும் மாற வேண்டும். புதிய செட்டில் நோட்டா உட்பட ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஓர் ஓட்டு வீதம் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, சி.ஆர்.சி. முடித்து, சீட்டுகளை எடுத்துவிட்டுத் தொடர வேண்டும். இந்த இரண்டாவது சி.ஆர்.சி.தான் மறக்கப்படுகிறது. வெளியே வரிசை நீண்டு, சத்தம் கூடிக்கொண்டிருக்கும் நேரம் அது.

பழைய செட்டில் விழுந்த வாக்குகள் அப்படியே இருக்கின்றன. அதையும் முறையாக சீல் வைத்துக் கணக்கில் காட்டி, வர வேண்டிய வண்டியில் மட்டும் அனுப்ப வேண்டும். 2021 சட்டமன்றத் தேர்தலில் வேளச்சேரி தொகுதியில் மெஷின்களை இருசக்கர வாகனத்தில் கொண்டுபோனது பெரிய சர்ச்சையானது. அதில் வாக்குப்பதிவுக்குப் பயன்பட்ட விவிபேட்டும் இருந்ததால் 92ஆம் எண் வாக்குச்சாவடியில் ஏப்ரல் 17 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. பழுதான மெஷின் என்றாலும் அது வாக்குப் பெட்டிதான்.

அறிகுறி: 17-ஏ எண்ணும் டோட்டலும் பொருந்தவில்லை

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சதவீதம் அனுப்பும்போது இது கண்ணில் படும். பார்க்கும் விதம் முக்கியம். கண்ட்ரோல் யூனிட்டில் பிஸி விளக்கு (வாக்களிக்க அனுமதி கொடுத்ததிலிருந்து வாக்கு விழும்வரை எரிவது) எரியாத நேரத்தில், பதிவேட்டுக்கும் மறைப்புக்கும் நடுவே யாரும் நிற்காதபோது டோட்டலைப் பாருங்கள். மையிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறைப்புக்குப் போகக் காத்திருக்கும் மூன்று பேரைக் கணக்கில் சேர்த்துவிட்டுத்தான் "மூணு குறையுது சார்" என்று பாதிப் பேர் பதறுகிறார்கள்.

*டோட்டல் குறைவாக இருந்தால்,* பதிவேட்டின் வரிசை எண்களை முதலில் விரலை வைத்துப் படியுங்கள். 199க்கு அடுத்து 201 எழுதியிருப்பார்கள். பக்கம் மாறும் இடத்திலும், சாப்பாட்டுக்கு ஆள் மாறிய இடத்திலும் இது அதிகம். அங்கே இல்லையென்றால் கண்ட்ரோல் யூனிட்டைக் கவனிக்கும் மூன்றாம் அலுவலரிடம் சேர்ந்திருக்கும் வாக்காளர் சீட்டுகளை எண்ணுங்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு சீட்டு, சீட்டு கொடுத்தவருக்கு ஒரு பேலட் (கண்ட்ரோல் யூனிட்டில் பேலட் பட்டனை அழுத்தி ஒரு வாக்குக்கு அனுமதிப்பது) என்பதுதான் கணக்கு. சீட்டும் டோட்டலும் ஒத்துப்போய்ப் பதிவேடு மட்டும் கூடுதலாக இருந்தால், கையெழுத்துப் போட்ட ஒருவர் ஓட்டுப் போடாமல் நழுவிவிட்டார். யார் என்று தெரிந்தால் குறிப்புக் கலத்தில் எழுதுங்கள். "வேண்டாம், நான் ஓட்டுப் போடல" என்று சொல்லிவிட்டே போனவர் என்றால் 49-ஓ விதிப்படி குறிப்பெழுதி அவர் கையெழுத்தையும் வாங்கியிருக்க வேண்டும். பதிவேடும் சீட்டும் ஒத்துப்போய் டோட்டல் மட்டும் குறைந்தால், மூன்றாம் அலுவலர் பேலட் கொடுத்த ஒருவர் மறைப்புக்குள் போய் எதையும் அழுத்தாமல் வந்திருக்கிறார். பீப் ஒலி கேட்காமலே வெளியே வந்தவரை யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம். மூன்றாம் அலுவலரின் காது அந்த ஒலியில்தான் இருக்க வேண்டும். அவரோடு பேச்சுக் கொடுக்காதீர்கள்.

*டோட்டல் கூடுதலாக இருந்தால்,* வித்தியாசம் மாதிரி ஓட்டின் எண்ணிக்கையா என்று பாருங்கள். அப்படியானால் மேலே சொன்ன தலைப்புக்குப் போங்கள். ஒன்றிரண்டுதான் கூடுதல் என்றால் குடும்பமாக வந்தவர்களில் ஒருவருக்குப் பதிவேட்டில் வரி விட்டுப்போயிருக்கும். தேர்தல் பணிச் சான்றிதழோடு வந்து வாக்களித்த பணியாளர், பாதுகாப்புக்கு நிற்கும் காவலர் ஆகியோரின் பதிவும் விட்டுப்போகும், ஏனென்றால் அவர்கள் பெயர் வாக்காளர் பட்டியலின் அந்தப் பாகத்தில் இல்லை. வாக்களித்தவர்களைக் குறிக்கும் குறிப்புப் பட்டியலின் கடைசியில் அவர்களைச் சேர்த்து எழுத வேண்டும். முதல் அலுவலரின் பட்டியலில் சிவப்புக் கோடு போட்ட பெயர்களை எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் விட்டுப்போன ஆள் கிடைத்துவிடுவார். எல்லோருக்கும் குறுக்குக் கோடு, பெண்களுக்கு வரிசை எண்ணில் வட்டமும், மூன்றாம் பாலினத்தவருக்கு நட்சத்திரக் குறியும் என்று ஒழுங்காகக் குறித்திருந்தால் இந்த எண்ணிக்கை சீக்கிரம் முடியும்.

எதிலும் விடை கிடைக்கவில்லையா? வித்தியாசத்தை வித்தியாசமாகவே டைரியில் எழுதி மண்டல அலுவலரிடம் சொல்லுங்கள். 17-சி படிவத்திலேயே "பொருந்துகிறதா, ஏதேனும் வேறுபாடு உண்டா" என்று கேட்கும் வரி இருக்கிறது. வேறுபாடு வரும் என்று தெரிந்தேதான் அந்த வரியை வைத்திருக்கிறார்கள். ஒன்று குறைகிறது என்று பேலட் கொடுத்து நீங்களே ஒரு பட்டனை அழுத்துவதோ, ஒன்று கூடுகிறது என்று வராத ஆளின் பெயரில் கைநாட்டு வைப்பதோ பிழை திருத்தம் ஆகாது. அது தேர்தல் குற்றம். ஒரு வாக்கு வித்தியாசத்துக்காக யாரும் உங்கள் மேல் வழக்குப் போடப் போவதில்லை. கள்ளக் கையெழுத்துக்குப் போடுவார்கள்.

அறிகுறி: "என் ஓட்டை யாரோ போட்டுட்டாங்க"

முதல் காரணம் பெரும்பாலும் கள்ள ஓட்டு இல்லை. ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கும் பட்டியலில் முதல் அலுவலர் தவறான வரியில் கோடு போட்டிருப்பார். 17-ஏ பதிவேட்டில் அந்தப் பட்டியல் எண்ணைத் தேடி, எதிரே யாருடைய கையெழுத்து என்று பாருங்கள். பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படித்த பிறகு கோடு போடும் பழக்கம் இருந்தால் ஏஜென்ட்களே பாதித் தவறைப் பிடித்துக் கொடுப்பார்கள்.

உண்மையிலேயே வேறு ஒருவர் போட்டுவிட்டார், வந்திருப்பவர்தான் அசல் ஆள் என்று அடையாளத்தில் திருப்தி ஏற்பட்டால் 49-பி (49P) விதிப்படி ஆய்வுக்குரிய வாக்கு கொடுக்க வேண்டும். இதில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்று: பாவம் என்று அவரையும் மெஷினிலேயே போட விட்டுவிடுவது. அப்படிச் செய்தால் 17-ஏ கணக்கு உடனே இடிக்கும். அவருக்கு அச்சிட்ட ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டுதான். அதில் முத்திரையால் குறியிட்டு மடித்துக் கொடுப்பார். கையெழுத்து 17-பி படிவத்தில், பதிவேட்டில் அல்ல. பட்டியலில் பெயரே இல்லாதவர் "49-பியில் கொடுங்க" என்று கேட்டால் கொடுக்க முடியாது. அது அதற்கான விதி இல்லை.

அறிகுறி: ஆள் யார் என்பதில் தகராறு

பூத் சிலிப்பை மட்டும் நீட்டினால் போதாது. 2019 முதல் அது அடையாள ஆவணம் இல்லை. வாக்காளர் அடையாள அட்டை வேண்டும், அல்லது ஆணையம் அறிவித்த ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, படத்தோடு கூடிய வங்கிக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை போன்ற மாற்று ஆவணங்களில் ஒன்று வேண்டும். அட்டையில் சின்ன எழுத்துப் பிழை இருந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். வேறு தொகுதியில் கொடுத்த அட்டை என்றாலும் இங்கே பட்டியலில் பெயர் இருந்தால் செல்லும்.

இறந்தவர், இடம் மாறியவர், காணாதவர் என்று தனிப்பட்டியலில் உள்ள பெயரில் ஒருவர் வந்தால் விரட்டாதீர்கள், சும்மாவும் விடாதீர்கள். ஆவணத்தை நீங்களே பார்த்து, கையெழுத்தோடு பெருவிரல் ரேகையும் வாங்குங்கள்.

ஏஜென்ட் ஆட்சேபித்தால் 2 ரூபாய் கட்டச் சொல்லி, ரசீது கொடுத்து, அங்கேயே சுருக்கமாக விசாரித்து முடிவு சொல்லுங்கள். பணம் கட்டாத ஆட்சேபணைக்காக வரிசையை நிறுத்த வேண்டியதில்லை. 2 ரூபாய் என்றதும் பல ஆட்சேபணைகள் கரைந்துவிடுவதைப் பார்க்கலாம்.

அறிகுறி: "நான் அழுத்தினது ஒண்ணு, சீட்டுல வந்தது வேற"

சமாதானம் சொல்லி அனுப்பவும் கூடாது, கேட்டதும் வாக்குப்பதிவை நிறுத்தவும் கூடாது. பொய்யான புகாருக்குத் தண்டனை உண்டு என்று விளக்கி எழுத்துமூலம் உறுதிமொழி வாங்குங்கள். விளக்கியதும் சிலர் "7 செகண்ட்தான் தெரிஞ்சுது, சரியாப் பார்க்கல" என்று விட்டுவிடுவார்கள். உறுதியாக நின்றால் 49-எம்ஏ விதிப்படி பதிவேட்டில் அவருக்கு இரண்டாவது பதிவு போட்டு, உங்கள் முன்னும் ஏஜென்ட்கள் முன்னும் ஒரு சோதனை வாக்குப் போடச் சொல்லுங்கள். சீட்டு சரியாக வந்தால், எந்த வேட்பாளருக்கு அந்தச் சோதனை வாக்கு விழுந்தது என்பதைப் பதிவேட்டில் குறித்து, 17-சி படிவத்திலும் காட்டுங்கள். அந்த இரண்டாவது பதிவை மறந்தால் மாலையில் கணக்கில் ஒன்று இடிக்கும், காரணமும் யாருக்கும் நினைவிருக்காது. சீட்டு தவறாக வந்தால் அந்த நொடியே வாக்குப்பதிவை நிறுத்திவிட்டுத் தேர்தல் நடத்தும் அலுவலருக்குச் சொல்லுங்கள். அதற்கு மேல் முடிவு அவர் கையில்.

அறிகுறி: ஒரே ஆள் திரும்பத் திரும்பத் துணைக்கு வருகிறார்

பார்வையற்றவருக்கும் உடல் தளர்ந்தவருக்கும் 18 வயது நிரம்பிய துணை வரலாம். ஆனால் ஒருவர் ஒருவருக்கு மட்டும். உறுதிமொழி வாங்கி, 14-ஏ படிவத்தில் எழுதி, துணையாளின் வலது ஆள்காட்டி விரலில் மை வைத்தால் அடுத்த முறை அவரே தயங்குவார். வாக்காளருக்கு வழக்கம்போல இடது ஆள்காட்டி விரல், நக நுனியிலிருந்து முதல் மூட்டு வரை. எழுதப் படிக்கத் தெரியாது என்பது மட்டும் துணைக்குக் காரணமாகாது. சின்னத்தைப் பார்த்து அழுத்த முடிந்தவர் தனியாகத்தான் போக வேண்டும். புரியாதவருக்கு மறைப்புக்கு வெளியே மாதிரி அட்டையை வைத்துச் சொல்லிக் கொடுங்கள்.

அறிகுறி: க்ளோஸ் பட்டன் வேலை செய்யவில்லை

பிஸி விளக்கு எரிகிறதா? அப்படியானால் கடைசியாகக் கொடுத்த பேலட் பயன்படாமல் நிற்கிறது. கடைசி வாக்காளர் ஓட்டுப் போடாமல் போய்விட்டார் அல்லது மறுத்துவிட்டார். கண்ட்ரோல் யூனிட்டை ஆஃப் செய்து, விவிபேட் கேபிளைக் கழற்றி, மறுபடி ஆன் செய்யுங்கள். விளக்கு அணைந்து க்ளோஸ் வேலை செய்யும். பகலில் இதே நிலை வந்தால் இவ்வளவு வேண்டாம், அடுத்த வாக்காளரை நேரே உள்ளே அனுப்பினால் போதும். அவருக்குத் தனியாக இன்னொரு பேலட் அழுத்தத் தேவையில்லை.

க்ளோஸை அழுத்தும் முன் வரிசையைப் பாருங்கள். முடிவு நேரத்தில் நிற்பவர்களுக்கு டோக்கனைக் கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னோக்கிக் கொடுத்து வாருங்கள். முன்னாலிருந்து தொடங்கினால் பின்னால் ஆள் சேர்ந்துகொண்டே இருக்கும். க்ளோஸ் அழுத்திய பிறகு ஒருவர்கூடப் போட முடியாது. அழுத்தவே மறந்துவிட்டால் எண்ணும் மேசையில் ரிசல்ட் வராது. அதனால் அழுத்தியதும் திரையில் வரும் எண்ணையும் நேரத்தையும் டைரியில் எழுதிய பிறகுதான் ஆஃப் செய்ய வேண்டும்.

அறிகுறி: 17-சி கூட்டல் வரவில்லை, அல்லது 17-சியையே காணோம்

கூட்டல் எளிது. 17-ஏ மொத்தத்திலிருந்து 49-ஓ விதிப்படி மறுத்தவர்கள், இரகசியத்தை மீறியதால் 49-எம் விதிப்படி அனுமதிக்கப்படாதவர்கள் ஆகியோரைக் கழித்தால் மெஷின் எண் வர வேண்டும். சோதனை வாக்குகளை இதில் கழிக்காதீர்கள், அவை பதிவேட்டிலும் மெஷினிலும் இருக்கின்றன. ஆய்வுக்குரிய வாக்குகளை இதில் சேர்க்காதீர்கள், அவற்றுக்குக் கீழே தனி வரி உண்டு. இந்தக் குழப்பம்தான் பெரும்பாலும் காரணம். ஏஜென்ட்களுக்குப் பிரதி கொடுத்துவிட்டுப் பிறகு அசலைத் திருத்தாதீர்கள். முதலில் தாளில் போட்டுப் பார்த்துவிட்டுப் படிவத்தில் எழுதுங்கள்.

காணோம் என்றால் அது சீல் வைத்த உறைக்குள்தான் இருக்கும். குறிப்புப் பட்டியல், 17-ஏ, வாக்காளர் சீட்டுகள், ஆய்வுக்குரிய சீட்டுகள் இவை தனித்தனி உறைகளில் சீலோடு போகும். 17-சியும் டைரியும் ஒட்டப்படாமல் வெளியே கையில் இருக்க வேண்டும். உறையில் போட்டு ஒட்டிவிட்டால் சேகரிப்பு மையத்தில் மெஷினை வாங்க மாட்டார்கள். நீங்களாகப் பிரிக்காமல் அங்குள்ள அதிகாரியின் முன்னால் பிரித்து எடுத்து, பிரித்ததையும் எழுதி, மறுபடி சீல் வையுங்கள்.

மண்டல வண்டி வருவதற்குள் இன்னும் ஒன்றிரண்டைப் பார்த்துக்கொள்ளலாம். விவிபேட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றியாயிற்றா, பேப்பர் ரோல் பூட்டைப் படுக்கை நிலைக்குத் திருப்பியாயிற்றா, கண்ட்ரோல் யூனிட்டின் முகவரி அட்டையில் பூத் எண் சரியா, ஏஜென்ட்கள் குறித்துக்கொண்ட சீல் எண்ணும் உங்கள் படிவத்தில் உள்ள எண்ணும் ஒன்றா. கண்ட்ரோல் யூனிட்டின் பேட்டரியை மட்டும் கழற்றாதீர்கள்.